கம்பத்து மேலிருந்து கூப்பிட்டவர்

வேதமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை பயம் கிடையாது. கோயிலில் கண்ணை மூடினால் போதும், மனம் குளம்போல நிறைந்துவிடும். திங்கட்கிழமை காலையில் மின்கம்பத்தடியில் போய் நின்றதும் அத்தனையும் வடிந்துவிடும்.

அவர் லைன்மேன். ஐம்பது வயதுக்காரர். கூட வேலை பார்த்த ஆசீர் போன மழைக்காலத்தில்தான் இறந்தான். அவன் கம்பத்தில் இருந்தபோது, கீழே யாரோ அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அவனை இறக்கிக் கிடத்தியவர் வேதமுத்து. கம்பத்தடியில் ஆசீர் கழற்றி வைத்த செருப்பு ஜோடியாகக் கிடந்தது. கண்ணை மூடினால் இப்போதெல்லாம் அந்தச் செருப்புதான் தெரிகிறது.

ஊருக்கு மேற்கே தபீத்தாள் அம்மாவின் ஜெபவீடு இருந்தது. வயதில் வேதமுத்துவைவிட இளையவர். ஆனாலும் வேதமுத்து அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவர் காலடியில் உட்கார்ந்துதான் வேதம் கற்றுக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அங்கே போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஏசப்பாவைப் பிடிச்சுக்கிடுதேன் அம்மா. திங்கக்கிழமை மேலே ஏறினா, கம்பத்தை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கூப்பிட்டுப் பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"தொண்டை கிழியக் கூப்பிடுதேன். பதிலே இல்ல. அவர் இருக்காரா, இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

அம்மா ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.

"இன்னைக்கு எந்தக் கம்பம்?"

"குளத்துக்கு அந்தப் பக்கம். நேத்து அடிச்ச காத்துல கம்பி அறுந்து பாதையில தொங்குது. கூட வர ஆள் இல்ல. எல்லாரையும் வேற ஊருக்கு அனுப்பியாச்சு."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நான் வாரேன்."

"நீங்களா? உங்களுக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"

"பில்லு கட்டத் தெரியும். நடங்க."

குளக்கரைக்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் நின்றது. அதன் சுவிட்சுக்கு நீளமான இரும்புக் கைப்பிடி. வேதமுத்து அதைக் கீழே இழுத்தார். மின்சாரம் நின்றது. பூட்டிவிட்டுப் போகலாம் என்றால், விழுந்த கிளை ஒன்று பூட்டை நசுக்கியிருந்தது. ஒரு கயிற்றால் கைப்பிடியை இறுக்கிக் கட்டினார்.

"இதை யாரும் மேலே தள்ளிரக் கூடாதும்மா. தள்ளினா நான்..."

"போயிட்டு வாங்க."

"அங்கேயிருந்து பார்த்தா உங்களைத் தெரியாது. கரை மறைக்கும்."

"சத்தம் குடுங்க."

வேதமுத்து கரையேறி இறங்கி, கம்பத்தடியில் செருப்பைக் கழற்றினார். ஜோடியாக வைக்க மனம் வரவில்லை. ஒன்றை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு ஏறினார்.

பாதி ஏறியதும் நின்றார். "அம்மா! இருக்கீங்களா?"

"இருக்கேன்!" கரைக்கு அப்பாலிருந்து வந்தது குரல்.

உச்சிக்குப் போய் இடுப்புக் கயிற்றை மாட்டினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அதன் விளக்கு எரியவில்லை; கம்பியில் மின்சாரம் இல்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"அம்மா!"

"இருக்கேன் அண்ணாச்சி!"

அறுந்து தொங்கிய கம்பியை மேலே இழுத்துப் பிடித்தார். ரப்பர் கையுறையோடு கம்பியை முறுக்கிக் கட்ட வராது. உறையைக் கழற்றிப் பையில் போட்டார். இரண்டு வெறுங்கைகளும் கம்பியில் இருந்தன.

அப்போது கரைக்கு அப்பால் ஓர் ஆண் குரல் உயர்ந்தது. என்ன பேச்சு என்று புரியவில்லை. இரும்பு கிரீச்சிட்டது.

"அம்மா!"

பதில் இல்லை.

"அம்மா! இருக்கீங்களா?"

காற்று மட்டும்தான் வந்தது. கையை எடுத்தால் கம்பி பாதையில் போய் விழும். கீழே ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காவிட்டால் அடுத்த மூச்சு வருமோ வராதோ.

"தபீத்தாள் அம்மா!"

பதில் இல்லை.

ஒரு மூச்சு விட்டார். வந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் வந்தது. கம்பி கைக்குள் இருந்தது. உயிரும் உடலுக்குள்தான் இருந்தது. ஒரு சுற்று முறுக்கினார். பிறகு ஒரு சுற்று. பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. கட்டு முடிந்தபோது சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

இறங்கினார். செருப்பை மறந்து ஓடினார்.

டிரான்ஸ்பார்மர் அடியில் கோழிப்பண்ணைக்காரர் இசக்கி தலை குனிந்து நின்றிருந்தார். அம்மா கைப்பிடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார். வேதமுத்து கட்டிய முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அந்தக் கயிற்றால் கைப்பிடியை டிரான்ஸ்பார்மர் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றி, நுனியை அம்மா பல்லில் கடித்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. உதட்டோரம் ரத்தம் வழிந்தது.

"பண்ணையில விளக்குச் சூடு இல்லாம, பொரிச்ச குஞ்சு ஆயிரமும் குளிர்ல சாகுது அண்ணாச்சி," என்றார் இசக்கி. "முடிச்சை அவுத்தேன். கைப்பிடியைத் தள்ளினேன். உங்க சத்தம் கேட்டுது. கேட்ட பெறவும் தள்ளினேன்."

 வேதமுத்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக இரும்பிலிருந்து பிரித்தார். சுலபமாகப் பிரியவில்லை. பிறகு கைப்பிடியை மேலே தள்ளினார். பண்ணையில் விளக்குகள் எரிந்தன. இசக்கி தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள். வேதமுத்து துண்டைக் கிழித்து அம்மாவின் கையில் சுற்றினார்.

"நான் கூப்பிட்டேன் அம்மா."

"கேட்டுது."

"மூணு தடவை கூப்பிட்டேன். பதிலே சொல்லலியே."

அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"கயிறு வாயில இருந்துது அண்ணாச்சி. பேசியிருந்தா விட்டிருப்பேன்."