முட்டிக்குள் புரளும் நண்டு

அந்தக் காலத்தில், எருமையும் நண்டும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மனிதர் உடம்பில் மடங்கும் மூட்டு என்று ஒன்று கிடையாது. தோளும் இடுப்பும் மட்டும் ஏதோ கொஞ்சம் அசையும். மற்றபடி காலுக்கு ஒரே எலும்பு, கைக்கு ஒரே எலும்பு, முதுகுக்கு உலக்கை மாதிரி ஒரே எலும்பு. சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவார்கள். வாய்க்கு நேராக உறியில் தொங்கும் கலயத்தில் உதட்டை வைத்துக் கஞ்சி குடிப்பார்கள். யாராவது விழுந்துவிட்டால், எருமை வந்து கொம்பால் நெம்பி நிமிர்த்தும்வரை அப்படியே கிடக்கவேண்டியதுதான். எருமையோ, "வர்றேன், வர்றேன். என்ன அவசரம்? எந்திரிச்சு ஓடியா போயிடப் போறீங்க?" என்று சேற்றில் படுத்தபடியே குரல் கொடுக்கும்.

அவர்களுக்கு இது குறையாகவே தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. சம்பந்தம் பேச வந்தால் பெண்ணின் முகத்தைக்கூடப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் அந்த வீட்டுத் தலைவன் முற்றத்தில் நிற்க வேண்டும். தூக்கணாங்குருவி ஒன்று கல் கட்டிய நூலை அலகில் கவ்விக்கொண்டு அவன் உச்சந்தலையில் உட்காரும். முதுகோரமாகத் தொங்கும் கல் குதிகாலுக்கு நேராக நின்றால் நல்ல குடும்பம். விரற்கடை விலகினாலும், "வளைஞ்ச வீடு" என்று சொல்லிவிட்டு, வைத்த கஞ்சியைத் தொடாமல் போய்விடுவார்கள்.

அந்த ஊரில் சேவுகன் என்று ஒருவன் இருந்தான். மனைவி இல்லை. மகள் சின்னியும், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை மருதாயியும்தான் அவன் குடும்பம்.

ஒருநாள் வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது சின்னி சறுக்கிக் குப்புற விழுந்தாள். முகம் தண்ணீருக்குள் இருந்தது. சேவுகன் பக்கத்திலேயே நின்றான். அவனால் நிற்க மட்டும்தான் முடிந்தது. "எருமையே! எருமையே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். தூரத்திலிருந்து, "வர்றேன், வர்றேன்" என்று பதில் வந்தது.

வரப்பு வளையிலிருந்து ஒரு நண்டு ஓடிவந்தது. பிள்ளையின் தாடைக்கடியில் புகுந்து, இரண்டு கொடுக்கையும் ஊன்றி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. எருமை ஆடி அசைந்து வந்து சேரும்வரை அது பிடியை விடவில்லை.

சின்னி இருமித் தேறியதும், சேவுகன் நண்டைப் பார்த்து, "உங்களை நாங்க ஒடிஞ்சு ஒட்டின பயலுகன்னு கேலி பேசியிருக்கோம்" என்றான்.

"தெரியும்ணே. வளை வாசல்ல நின்னுதானே பேசுவீங்க? எல்லாம் காதுல விழும்."

"எனக்கும் அந்த மாதிரி ஒடிச்சுவிட முடியுமா?"

நண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தது. "வலிக்கும்ணே. அப்புறம் ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றான் சேவுகன்.

நண்டு அவன் எலும்புகளைக் கொடுக்கால் நறுக்கியது. முழங்கால், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள் என்று ஒவ்வோர் இடமாக வந்தது. முதுகை மட்டும் வளையல் அடுக்கு மாதிரி வில்லை வில்லையாக்கியது. நறுக்கிய இடத்திலெல்லாம் தென்னங்கன்றின் குருத்தைச் சீவி மெத்தையாக வைத்தது. கடைசியில், தன் கணுக்களில் ஊறும் நெய்யை எடுத்து அதன்மேல் தடவியது.

"இப்ப என்கிட்ட பாதிதான் இருக்கு. இது ரொம்ப நாள் தாங்காது. ஐப்பசி மழையில நான் ஓடு மாத்துவேன், அப்ப நல்லா ஊறும். மீதியை நத்தை ஓட்டில பிடிச்சு நானே கொண்டாந்து தர்றேன். பாப்பாவுக்கும் அப்பவே செஞ்சிடலாம்."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"எனக்கு ஒரே ஒரு பயம்தாண்ணே. மல்லாந்து விழுந்துட்டா என்னால புரள முடியாது. எங்கயாச்சும் அப்படிக் கெடந்தா, குனிஞ்சு ஒரு விரலால பொரட்டி விட்டுடு."

"இது ஒரு வேலையா!" என்று சேவுகன் சிரித்தான். உண்மையாகத்தான் சொன்னான்.

அன்று வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். அதுவரை உலகத்தில் யாருக்கும் மடி இருந்ததில்லை. சின்னியை அதில் கிடத்திக்கொண்டான். அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. "அப்பா, இந்த எடத்துக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. "வெளியே மட்டும் சொல்லிடாதே" என்றான்.

வீட்டுக்குள் குனிந்தான், மடங்கினான், சம்மணம் போட்டான். தெருவில் இறங்கினால் உலக்கையாகிவிடுவான்.

ஐப்பசி பிறந்தது. மருதாயியைக் கேட்டு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் சேவுகன் விறைத்து நின்றான். தூக்கணாங்குருவி வந்து தலையில் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு நூலையே பார்த்திருந்தார். அந்த நேரத்தில்தான் மழை ஈரத்தில் நண்டு வந்தது. புது ஓடு இன்னும் முழுதாக இறுகவில்லை. முதுகில் நத்தை ஓடு நிறைய நெய். வாசற்படியில் ஏறும்போது பாரம் தாங்காமல் சறுக்கி மல்லாந்து விழுந்தது. எட்டுக் கால்களும் ஆகாயத்தைத் துழாவின.

"அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டது.

சேவுகனுக்கு அது கேட்டது. இரண்டு எட்டு வைத்து, ஒரு குனிவு குனிந்தால் போதும். நூலில் கட்டிய கல் அவன் குதிகாலுக்குப் பின்னால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நிலைக்கவில்லை.

"அப்பா!" என்றாள் சுவரில் சாய்ந்திருந்த சின்னி. "நண்டு மாமா மல்லாந்து கெடக்காரு!"

மாப்பிள்ளையின் அப்பா நூலிலிருந்து கண்ணை எடுத்தார். "நண்டு மாமாவா? நண்டெல்லாம் உங்களுக்குச் சொந்தமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சேவுகனும் சிரித்தான். "சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது மாமா. எந்த நண்டைக் கண்டோம்?"

நண்டு அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கல் குதிகாலுக்கு நேராக நின்றது. "அப்பழுக்கில்லாத வீடு!" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் விறைத்த காலை வீசி வாசற்படி பக்கம் நடந்தார். அவர் கழுத்து மடங்காது. கீழே கிடப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

கடக்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் பெரியவர்.

"காய்ஞ்ச சுள்ளி, மாமா" என்றான் சேவுகன்.

அவர்கள் கஞ்சி குடித்து, நாள் குறித்துவிட்டுப் போனார்கள். தெரு வெறிச்சோடியதும் சேவுகன் ஓடிவந்து மண்டியிட்டான். நெய் மண்ணில் ஊறிப்போயிருந்தது. ஓட்டுச் சில்லுகளைக் கூட்டி அள்ளினான். முழுதாக இருந்தது ஒரு கொடுக்கு மட்டும்தான். எழுந்தபோது அவன் முட்டி கடக் என்றது.

சுவரில் சாய்ந்திருந்த மருதாயி எல்லாவற்றையும் பார்த்தாள். "கல்லு நேராத்தான் நின்னுச்சு, அண்ணே" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சின்னிக்கு நண்டு கொடுத்த வாக்கு மிச்சம் இருந்தது. நண்டு செய்த முறையை அவன் பார்த்திருந்தான். அந்தக் கொடுக்காலேயே அவள் எலும்புகளை நறுக்கினான், குருத்து வைத்தான். தன் மூட்டுகளிலிருந்து நெய்யை வழித்து அவளுக்குத் தடவினான். பாதியிலும் பாதிதான் வந்தது. கொடுக்கின் முனையில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கு ஒன்று அவள் முட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

மருதாயியின் கல்யாணத்தன்று பந்தலில் அவன் கம்பம் மாதிரி நின்றான். தாலி கட்டும் நேரத்தில், அசையாமல் நின்றபோதே, முட்டி தானாகக் கடக் என்றது.

"என்ன சத்தம்?" என்று சம்பந்தி இந்த முறையும் கேட்டார்.

"சுள்ளி" என்றான் சேவுகன். சின்னி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனைக் குனியவைத்தது. அத்தனை பேருக்கும் முன்னால் முதுகு வளைந்து, முட்டியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. அன்று அவர்கள் சிரித்திருந்தால்கூட அவன் காதில் விழுந்திருக்காது.

நாமெல்லாம் சின்னி வழியில் வந்தவர்கள்.

அப்படித்தான் மனிதருக்கு மடி உண்டாயிற்று. பாதியிலும் பாதி நெய்யோடு வந்த மூட்டு என்பதால்தான் பாதி வயதிலேயே குருத்து தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. வானம் மூட்டம் போட்டு நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும் நாளில், நம் முட்டிக்குள் ஏதோ ஒன்று மல்லாந்து கிடந்து புரளப் பார்க்கிறது. அன்று முதல்தான், உட்கார்ந்து எழும்போது கடக் என்று கேட்டால், யாரும் ஒன்றும் கேட்காதபோதே, நாம் முட்டியைக் கையால் பொத்திக்கொள்கிறோம்.