இரைப்புக்காரரின் கால்

மலையடிவாரத்தில் ஓர் ஆசான் வைத்தியம் பார்த்துவந்தார். பெயர் சிவனணைந்தான். வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் மாசானத்துக்கு ஐம்பத்து மூன்று. மூத்தவர் என்பதால் ஆசான் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். மாசானம் அவரை ஆசானே என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற நோயாளி தன் காலைத் தானே கழுவக்கூடாது. வாசலில் ஒரு கல் கிடக்கும். அதில் அவரை உட்காரவைத்து, சீடர் வெந்நீர் ஊற்றி, முழங்காலிலிருந்து பாதம் வரை தன் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆசானின் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

ஏன் என்று ஆசான் சொன்னதில்லை. சீடனுக்குத் தலைக்கனம் ஏறக்கூடாது, அதற்காகத்தான் என்று மாசானம் நினைத்தார். எனக்கு ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தார். ஆனாலும் ஏழு வருஷம் கழுவினார்.

ஒரு நாள் காலையில் ஆசான் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மூலிகைக்கு மலை ஏறுகிறேன் அண்ணாச்சி. மூன்று நாள் ஆகும். வருகிறவர்களை நீரே பாரும்."

"நானா?"

"வேறே யார் இருக்கிறார்கள்?"

"தெரியாதது எதுவும் வந்தால்?"

"தெரியாது என்று சொல்லும். அதற்கு யாரும் அடிக்கமாட்டார்கள்."

முதல் நாள் ஒரு தலைவலியும் ஒரு கட்டியும் வந்தன. மாசானம் இருவர் காலையும் கழுவினார், மருந்து கொடுத்தார். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு குற்றாலிங்கம் இறங்கினார்.

மாசானம் ஆளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோவில் கொடை விழாவில், சாமி ஊர்வலம் போகும் சப்பரத்தின் முன்கொம்பைத் தூக்கிக்கொண்டிருந்தவர் மாசானம். அப்போது கோவிலில் உத்தரவு சொல்லும் இடத்தில் இருந்தவர் குற்றாலிங்கம். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து, "உன் தோள் குட்டை வே, சாமி சாயுது. பின்னால் போ" என்றார். மாசானம் பின்னால் போகவில்லை. கொம்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் சப்பரத்தைத் தொடவில்லை. மறந்துவிடுகிற காரியமும் இல்லை அது.

குற்றாலிங்கம் நாலு எட்டு வைத்தார். நின்றார். மூச்சு வாங்கினார்.

"ஆசான்... இல்லையா?"

"மலைக்குப் போயிருக்கிறார்."

"அப்போ யார்... பார்ப்பது?"

"நான்தான்."

குற்றாலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உம் கையில்... அகப்பட வேண்டும் என்று... இருக்கிறது."

மாசானம் வெந்நீர்ச் செம்பை அவர் கையில் கொடுத்தார். "காலைக் கழுவிவிட்டு வாரும்."

"நீர்தான் கழுவுவீர் என்று... ஊரில் சொல்கிறார்கள்."

"இடுப்பு பிடித்திருக்கிறது. குனிய முடியாது."

குற்றாலிங்கத்தாலும் குனிய முடியவில்லை. நின்றவாக்கில் தண்ணீரை வேட்டியோடு சேர்த்துக் காலில் கவிழ்த்துக்கொண்டார். மாசானம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே உட்காரவைத்து நாடி பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கஞ்சி கொதிப்பதுபோல் களகளவென்றது.

"எத்தனை நாளாய்?"

"ஒரு மாசம். நடந்தால் இரைக்கிறது. படுத்தால்... மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே... கண்ணயர்கிறேன்."

"கபம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது." மாசானத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார். "கஞ்சியில் உப்பை நன்றாகப் போட்டுக் குடியும். வெந்நீர் குடித்துக்கொண்டே இரும். சளி இளகி வந்துவிடும்."

"சரியாகுமா?"

"ஆகாமல்?"

குற்றாலிங்கம் வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தச் சப்பர விஷயத்தை... இன்னும் மனசில் வைத்திருக்கிறீரோ?"

"எந்தச் சப்பரம்?" என்றார் மாசானம்.

நான்காம் நாள் காலையில் ஆசான் இறங்கி வந்தார். கோணிப்பையைக் கீழே வைத்தபோதே அதே ஆட்டோ வந்தது. இந்த முறை குற்றாலிங்கத்தை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். உதடு கறுத்திருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார்.

"கஷாயம் குடித்தும் கேட்கவில்லை. கூடிவிட்டது" என்றான் மகன்.

ஆசான் வெந்நீர்ச் செம்பை எடுத்துவந்தார். நோயாளியைக் கல்லில் உட்காரவைத்தார். எதிரே தரையில் அமர்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். வேட்டியை ஒதுக்கி வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். கை பாதியில் நின்றது.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தார். பிசைந்த மாவில் விழுந்ததுபோல் ஒரு குழி. அது நிரம்பவில்லை.

"அண்ணாச்சி, இங்கே வாரும். விரலை வையும்."

மாசானம் குனிந்து அழுத்தினார். ஆசானின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. மாசானம் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன கொடுத்தீர்?"

"ஆடாதோடை."

"பத்தியம்?"

"கஞ்சியில் உப்பு நிறையப் போடச் சொன்னேன். வெந்நீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன்."

ஆசான் மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது சளி இல்லை. அப்பாவுக்கு இதயம் தளர்ந்திருக்கிறது. நீர் வெளியே போகாமல் உடம்பில் தேங்குகிறது. நெஞ்சில் தேங்கினது மூச்சை முட்டுகிறது, மற்றது காலில் நிற்கிறது. இப்போதே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. படுக்கவைக்காதே, உட்காரவைத்தே கொண்டு போ."

"உங்களால்... முடியாதா?" என்றார் குற்றாலிங்கம்.

"முடியாது. அவர்களால் முடியும்."

"பிழைப்பேனா?"

"இன்றைக்கே போனால் பிழைக்கலாம். அண்ணாச்சியும் உம் கூட வருவார்."

"இவரா?" என்றார் குற்றாலிங்கம்.

"நானா?" என்றார் மாசானம்.

"என்ன மருந்து கொடுத்தது என்று டாக்டர் கேட்பார். கொடுத்தவர்தானே சொல்ல வேண்டும்?"

ஆட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மேடு பள்ளத்தில் குற்றாலிங்கம் சாய்ந்தபோதெல்லாம் மாசானம் தோளைக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்தார். மாசானத்தின் மகள் வயதுதான் இருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டச் சொன்னார். அடுத்து வேட்டியை ஒதுக்கிப் பெருவிரலால் காலை அழுத்தினார். மாசானம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சாப்பிட்டார்?"

"உப்புக் கஞ்சி. தண்ணீர் நிறைய."

"யார் சொன்னது?"

"நான்தான்."

டாக்டரம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஊசி எடுத்துவரச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் குற்றாலிங்கம் முழு வாக்கியம் பேசினார். முதல் வாக்கியம், "இந்த ஆளை இங்கேயிருந்து போகச் சொல்லு" என்பது. மாசானம் பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஆசான் வெயிலில் காயப்போட்டிருந்த மூலிகைகளை அள்ளிக்கொண்டிருந்தார். மாசானம் எதிரே நின்றார்.

"இருக்கிறாரா?" என்றார் ஆசான்.

"இருக்கிறார். ஏசவும் செய்கிறார்."

"அப்போ மூச்சு நன்றாக ஓடுகிறது."

மாசானம் சிரிக்கவில்லை. "ஆசானே, காலில் வீக்கம் பார்க்கத்தான் இந்தக் கழுவல் என்று ஏழு வருஷத்தில் ஒரு நாள் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால்?"

"பார்த்திருப்பேன்."

"வீக்கம் இருக்கிறதா என்று பார்த்திருப்பீர். இல்லையென்றால் கழுவாமல் விட்டிருப்பீர். ஏழு வருஷத்தில் எத்தனை கால் கழுவியிருப்பீர்?"

"யார் எண்ணினார்கள்?"

"நல்ல கால் எப்படி இருக்கும் என்று உம் கைக்குத் தெரிந்துபோயிற்று. இன்றைக்கு விரல் வைத்த உடனே தெரிந்ததா, இல்லையா?"

"தெரிந்தது."

"நான் சொல்லித் தெரிந்ததா?"

மாசானம் கோணிப்பையை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து மூலிகையை அள்ளத் தொடங்கினார்.

அதிலிருந்து பத்தாம் நாள் ஆட்டோ மறுபடியும் வந்தது. குற்றாலிங்கம் தானே இறங்கினார். பத்து எட்டு வைத்து, மூச்சு வாங்காமல் கல்லில் வந்து அமர்ந்தார்.

"டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கால் வீக்கத்தை யாராவது தினமும் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கூடினால் உடனே வரச் சொன்னார்கள். வீட்டில் எவனுக்கும் பார்க்கத் தெரியவில்லை" என்றார். பிறகு மாசானத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில் உப்பில்லாத இட்லி போட்டான் வே. உம்ம கஞ்சி எவ்வளவோ மேல்."

"ஆளைக் கொல்கிற கஞ்சி ருசியாகத்தான் இருக்கும்" என்றார் மாசானம்.

"அதை நீர் சொல்லுகிறீர் பாரும்."

மாசானம் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் வெந்நீர் கொதித்தது. ஆசான் பக்கத்தில் துணியில் கஷாயம் இறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே."

"சொல்லும்."

"பத்து நாளாக யோசித்துவிட்டேன். நான் செய்தது தப்பு. அதை அவரிடமே சொல்லிவிடுவேன். ஆனால் அந்த ஆள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அதை வைத்துக்கொண்டு எப்படி அவர் காலைத் தொடுவது?"

ஆசான் துணியைப் பிழிந்து உதறினார்.

"கோபம் அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணாச்சி. குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்து வந்து சொல்லும்."