எருமைநாக்குச் சின்னம்

"ஐயா, எருமைநாக்கு மீனைப் பத்தி மூணு சந்தேகம்," என்றார் லியோன்.

ஏலக்கூடத் தரையில் குந்தி மீன் பிரித்துக்கொண்டிருந்த கயித்தான் நிமிரவில்லை. பேச்சு குறைவு என்பதால் ஊர் அவரைச் சாமியார் என்றது.

லியோன் மீன் பிரிப்போர் சங்கத்துக்கு இருபத்தேழு வருடத் தலைவர். இரண்டு முறை சிறை போனவர். இப்போது மந்திரி வீட்டுக்குப் போய்வருகிறவர். தலைவராக இருப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. நாளைக்குத் தேர்தல். இத்தனை வருடத்தில் முதல் முறையாக யாரோ எதிர்த்து நிற்கிறார்கள். யாரென்று அவர் விசாரிக்கவில்லை. நங்கூரம் சின்னமாம். அதை மிஞ்ச வேண்டும் என்று எருமைநாக்கைத் தன் சின்னமாக வாங்கியிருந்தார்.

"கேளும்," என்றார் கயித்தான்.

"அது எங்கே கெடக்கும்?"

"மணல்ல. படுத்தே கெடக்கும்."

"பதுங்கிப் பாயுது! போராளி!" லியோன் துண்டறிக்கைக்குக் குறித்துக்கொண்டார். "நிறம்?"

"தரைக்குத் தக்கன மாறும்."

லியோனின் பேனா சற்று நின்றது. பிறகு 'தந்திரம்' என்று எழுதியது.

"கண்ணு ரெண்டும் ஏன் ஒரே பக்கம்?"

"குஞ்சுல பக்கத்துக்கு ஒண்ணுதான். வளர வளர ஒரு கண்ணு நகந்து மேல வந்துரும்."

"அப்போ கீழே?"

கயித்தான் தட்டிலிருந்த எருமைநாக்கைப் புரட்டிப் போட்டார். வெளுப்பாகக் கிடந்தது. கண் இல்லை.

லியோன் குனிந்து பார்த்தார். இதை எப்படி எழுதுவதென்று புரியவில்லை.

"மந்திரி டிரைவர் பேரு என்ன?" என்றார் கயித்தான்.

"குணசேகரன். நல்ல பையன்."

"மந்திரியோட உதவியாளரு?"

"தியாகு. பாவம், சர்க்கரை. காப்பியில சீனி போடக்கூடாது."

"உமக்குப் பின்னால கூடையோட நிக்காளே, அவ பேரு?"

லியோன் திரும்பினார். பார்த்த முகம்தான். ஊர்வலம் ஒன்று விடாமல் கொடி பிடித்து வந்த முகம். லத்தியடியில் உடைந்த முன்பல் கூட அவருக்கு நினைவிருந்தது. 'தியாகத் தழும்பு' என்று மேடையில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறார்.

பேனாவை மூடினார்.

"நம்ம... தங்கச்சி," என்றார்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கிடுங்க தலைவரே, நோட்டீஸுக்கு ஆவும். செலஸ்டினா. நங்கூரம் சின்னம்."