சேதுராயர் பூட்டிய பன்னிரண்டு தகடுகள்

பாலாழிச் சீமையைப் பூவராக ராஜா ஆண்டபோது, அங்கே உதைபந்து என்றால் ஜனங்களுக்கு உயிர். பன்னிரண்டு ஊர் அணிகள் வருஷம் முழுக்க மோதும். அந்தப் பன்னிரண்டுக்கும் ஊருக்கொரு செப்புத் தகடு உண்டு. தகடு வைத்திருக்கிற ஊர்தான் பந்தாட்டச் சபைக்குப் பங்காளி. வருஷத்துக்கு ஒரே ஒரு கூட்டம். ஒரு தகட்டுக்கு ஒரு குரல். புதுச்சட்டம் வேண்டுமானால் எட்டுக் குரல் சேர வேண்டும். ஆட்டங்களில் கடைசியாக வந்த ஊர் தன் தகட்டை இறக்கி வைக்கும், தகடு இல்லாத ஊர்கள் ஆடுகிற கீழ்வரிசையில் ஜெயித்த ஊர் அதை எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு.

அதை நடத்த வந்தவர்களைத்தான் என்ன சொல்ல? பந்தின் தோலைப் பார்க்க ஒரு குழு. அந்தக் குழு சரியாகப் பார்த்ததா என்று பார்க்க இன்னொரு குழு. இரண்டு குழுவுக்கும் வெயில் படாமல் குடை பிடிக்கிறவர்களை நியமிக்க மூன்றாவது குழு. இதில் ஒருவராவது பந்தைக் காலால் தொட்டிருப்பாரா? கடவுளுக்குத்தான் வெளிச்சம். இவர்களுக்கெல்லாம் மேலே சபைத் தலைவர் சேதுராயர், ராஜாவின் மைத்துனர். மைதானத்துக்குப் பல்லக்கில் வருவார், ஆட்டம் முடியும்வரை பல்லக்கிலேயே தூங்குவார். ஒன்பது வருஷத் தலைவர், சபையின் சட்ட ஏட்டை ஒருநாள்கூடப் பிரித்ததில்லை. வாசிக்கத்தான் தாண்டவர் இருக்கிறாரே என்பார். தாண்டவர் அரண்மனையில் ஏடு வாசிப்பவர், விகடமாகவும் பேசுவார்.

அந்த வருஷம் சேதுராயரின் சொந்த ஊரான சேதுமங்கலம் கடைசியாக வந்துவிட்டது. தலைவர் கையில் தகடு இருக்கக்கூடாது என்பது வழக்கம் என்பதால் அந்த ஊர்த் தகடு அவர் மருமகன் கையில் இருந்தது. கீழ்வரிசையில் ஜெயித்தது வெள்ளளம். உப்பு வாருகிற ஜனங்கள். வெடித்த பாதத்தோடு பதினோரு ஆட்டம் ஜெயித்து, ஊரே மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துக் காத்திருந்தது.

சேதுராயர் என்ன செய்தார் தெரியுமா? இனிமேல் எந்த ஊரும் தகட்டை இறக்க வேண்டாம், இருக்கிறவர்களே என்றைக்கும் இருக்கலாம் என்று புதுச்சட்டம் எழுதினார். மற்ற பதினோரு ஊருக்கும் கசக்குமா? நாளைக்கு நாமும் கடைசியாக வரலாமே என்ற பயம். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள்.

வெள்ளளத்து அணித்தலைவன் இருளப்பன் ஓடிவந்து ராஜாவிடம் முறையிட்டான். ராஜாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் சபைக்குள் தான் கைவைத்தால் நாளைக்கு அது சபையாகவே இருக்காது என்று தயங்கினார். "தாண்டவரே, நான் வாய் திறக்கக்கூடாது, இவர்களுக்கு அநியாயமும் நடக்கக்கூடாது. வழி பாரும்" என்றார்.

தாண்டவர் நேரே சேதுராயர் வீட்டுக்குப் போனார். அதிரசம் வந்தது, சாப்பிட்டார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, போன வருஷக் கூட்டத்தில் ஒரு ஊர்க்காரர் இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கிய கதையைச் சொன்னார். தலையாட்டினவர்கள் எல்லாம் கூட்டத்தன்றும் அதே மாதிரி ஆட்டுவார்களா என்று தனக்குக் கவலையாக இருக்கிறது என்றார். இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டார்.

சேதுராயருக்கு அன்றைக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. யாரையும் நம்பாத மனுஷர். மறுநாளே பன்னிரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பி, பத்திரமாக வைக்கிறேன் என்று தகடுகளை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டினார். மருமகனுடையதையும் விடவில்லை. தகடு இங்கே இருந்தால் குரலும் இங்கேதான், பெட்டியில்தானே இருக்கிறது, என் கையில் இல்லையே என்று அவர் கணக்கு.

கூட்டத்தன்று ராஜா வந்து உட்கார்ந்தார். இருளப்பன் கடைசியில் கைகட்டி நின்றான். வழக்கப்படி தாண்டவர் ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டு, தகட்டைக் காட்டச் சொன்னார். கூப்பிட்டவர்கள் எல்லாரும் தலைவரின் பெட்டியைக் கை காட்டினார்கள்.

"பன்னிரண்டும் என்னிடம்தான் இருக்கிறது, தாண்டவரே. புதுச்சட்டத்துக்குப் பன்னிரண்டு குரல் என்று எழுதிக்கொள்ளும்" என்றார் சேதுராயர்.

"தகடுகள் யாரிடம் என்று எழுதட்டும்?"

"எத்தனை தரம் சொல்வது? என்னிடம்தான். மகாராஜாவே சாட்சி."

தாண்டவர் எழுதினார், அவரிடமே கையெழுத்தும் வாங்கினார். பிறகு ஏட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தார். கூட்டத்தில் தகடு காட்டாத ஊர் வராத ஊராகவே கருதப்படும், அந்த வருஷம் அதற்குக் குரல் இல்லை. தகடு வைத்துக்கொள்ளும் தலைவர் அந்தக் கணமே தலைவர் இல்லை, அவருக்கும் குரல் இல்லை.

மருமகன் மெதுவாக மாமனாரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

சபைக்குத் தலைவர் இல்லாமல் போனதால் ராஜாவே பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதுச்சட்டம் வரவில்லை, ஆகவே பழைய சட்டமே நிற்கிறது என்றார். பதினோரு ஊரும் தங்கள் தகட்டைப் பொறுக்கிக்கொண்டு போகட்டும், சேதுமங்கலத்தின் தகடு வெள்ளளத்துக்கு. இருளப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலைவரின் பல்லக்கு தாண்டவருக்குப் பரிசாகப் போயிற்று.

சேதுராயர் தாண்டவர் பக்கம் திரும்பினார். "ஒன்பது வருஷம் இந்தச் சபையைத் தாங்கினேன். என்னை இப்படிக் கீழே இறக்குகிறீரே, நியாயமா?"

"நானா இறக்கினேன்?" என்றார் தாண்டவர். "யாருமே இறங்க வேண்டாம் என்று அருமையான சட்டம் எழுதினீர்கள், ஐயா. அதற்குக் கை தூக்க ஒரே ஒரு ஆளையாவது மிச்சம் வைத்திருக்கக்கூடாதா?"

ராஜா சிரித்த சிரிப்பில் குடை பிடித்திருந்தவர்களும் சிரித்துக் குடைகள் சாய்ந்து, இரண்டு குழுக்காரர்கள் தலையிலும் வெயில் பட்டது.