கறை என்று கற்ற கேமரா

ஊர்ப் பெயர் எதற்கு, எஃகுத் தகடு உருட்டும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைகளுக்கு நடுவே நசுங்கி ஓடிவரும் தகட்டின் மேல்முகத்தை ஒரு கேமரா பார்க்கும். பழுது கண்டால் அலறும். அலறலைக் கவனிப்பது பூங்கோதையின் வேலை. பொறியியல் படித்தவள், ஆனாலும் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

அந்த மாதம் கேமரா ஓயாமல் அலறியது. ஒரே மாதிரிப் புள்ளி, ஒரே இடைவெளியில். தகட்டை நிறுத்திச் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்தால் தெரிந்துவிடும்: மேடு பளிச்சிடும், பள்ளம் கறுத்தே கிடக்கும். ஓடுகிற தகட்டில் கல் வைக்க முடியாது. நிறுத்தட்டுமா என்று கேட்டாள். எண்ணெய்க் கறைதான், அப்படியே அழுத்து என்றார் மேலாளர் குலசேகரன். திரையில் 'கறை' என்று அழுத்தினாள். அழுத்த அழுத்தக் கற்றுக்கொள்ளும் ரகம் அந்தக் கேமரா. சில நாளில் அந்தப் புள்ளிக்கு அலறுவதையே விட்டுவிட்டது.

"உன் கேமராவுக்கும் சம்பளம் போட்டாச்சா தங்கச்சி, வாயே திறக்கக் காணோம்?" என்று கிரேன் ஓட்டும் சேசுராஜ் கிண்டலடித்தார். குலசேகரன் காதிலும் அது விழுந்தது. அதே வாரம் அவர் புது உத்தரவு போட்டார்: தூசி படியாமலிருக்க, வெட்டிய தகடு ஒவ்வொன்றையும் மேல்முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்க வேண்டும்.

அந்தத் தகட்டை வாங்கி ஃபிரிட்ஜ் கதவு செய்கிறவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். பெயிண்ட் அடித்ததும் கதவெல்லாம் அம்மை போட்டது போல் ஆகிவிட்டதாம்.

விசாரணையில் குலசேகரன் அடுக்கிய நியாயம் இது: கேமரா அலறவில்லை, ஆகவே பழுது கேமராவைத் தாண்டிய பிறகு வந்தது, பிறகு தகட்டைத் தொட்டது சேசுராஜின் கிரேன் சங்கிலி. சேசுராஜ் பூங்கோதையைப் பார்த்தார். அவள் வாய் திறந்தால் அவள் வேலை போகும், மூடியிருந்தால் அவருடையது.

திரும்பி வந்த தகட்டில் பூங்கோதை சாணைக்கல்லை எடுத்துத் தேய்த்தாள். புள்ளி பளிச்சிட்டது.

"சங்கிலி கீறும் சார், மேடு போடாது. உருளையில பள்ளம் விழுந்திருக்கு, அதுதான் சுத்துக்கு ஒண்ணா தகட்டுல மேடா பதியுது. கறைன்னு அழுத்தினது நான்தான்."

"அப்ப நீயே ஒத்துக்கிட்ட," என்றார் குலசேகரன்.

அவள் வேலை போனது. சேசுராஜ் வேலையாவது மிஞ்சியதா? கேமரா ஊமையானது தெரிந்தும் புகார் சொல்லாமல் கிண்டலடித்தார் என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

"நீ சும்மா இருந்திருந்தா ஒரு வீட்டு அடுப்புதான் அணைஞ்சிருக்கும் தங்கச்சி," என்றார் அவர், ஆலை வாசலில்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அழுத்தியவள் ஒருத்தி, கிண்டலோடு விட்டவர் ஒருவர், அழுத்தச் சொன்னவர் ஒருவர். கறை என்று நம்பித்தான் சொன்னேன் என்கிறார் குலசேகரன். தெரிந்தே தவறு செய்தவர் இவர்களில் யார்? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: குலசேகரன்தான். கறை என்று நம்பியவர் துடைக்கச் சொல்லியிருப்பார். இவர் புள்ளி யார் கண்ணிலும் படாதபடி கவிழ்க்கச் சொன்னார். தூசிதான் கவலை என்றால் அடுக்கின் மேல் ஒரு தார்ப்பாய் போதாதா? கவிழ்த்து அடுக்கிய தகடுகளில் கீழே மறைந்த மேல்முகத்தைச் சங்கிலி தொடவும் வழியில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். விசாரணைக்கு உட்கார்ந்தவர்களும் கண்டுபிடித்துத்தான் இருந்தார்கள். உருளையை இன்னும் மாற்றவில்லை. கேமராவும் அதைக் கறை என்றே நம்பிக்கொண்டிருக்கிறது.