செண்பகவல்லியின் கைத்துப்பாக்கி

மாநிலப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தபோது, செண்பகவல்லி மூன்று காகிதங்களை எடுத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்க்கப் போனாள்.

மாஸ்டர் என்றால் மைமூன். வயது முப்பத்தொன்று. செண்பகவல்லிக்கு நாற்பத்தாறு. ஊருக்கு வெளியே, மூடிப்போன கல்குவாரியை ஒட்டியிருந்த அந்தத் துப்பாக்கி சுடும் திடலில் சொல்லிக்கொடுப்பவர் யாரானாலும் மாஸ்டர்தான். மைமூன் மட்டும் பதிலுக்கு அவளை அக்கா என்று கூப்பிடுவாள்.

"என்ன பேப்பர்க்கா இது?"

"துப்பாக்கி சிக்குது மாஸ்டர். அஞ்சு ரவுண்டு சுட்டா ஒண்ணு சிக்கிடுது. சிக்காம போறதெல்லாம் இடது பக்கமா கீழே இறங்குது."

அவளுடையது விளையாட்டுப் போட்டிக்கான சிறிய கைத்துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்டதும் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஒன்பது வருடம் அதோடு பழகியிருக்கிறாள். இரண்டு வெண்கலம் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி.

முதல் காகிதத்தில் பழுது பார்ப்பவர் எழுதியிருந்தார், ஸ்பிரிங்கும் கூட்டை இழுக்கிற கொக்கியும் மாற்றலாம் என்று. இரண்டாவது பெங்களூரில் இருக்கும் ஒருவருடையது. ட்ரிக்கரை மெருகேற்றி, குறிமுள்ளை மாற்றி, முன்பக்கம் எடை சேர்த்து, வேறு துப்பாக்கி மாதிரி ஆக்கித் தருவாராம். மூன்றாவது புதுத் துப்பாக்கியின் படம். அடிக்கடி பிரித்துப் பார்த்ததில் அதன் மடிப்பு கிழிந்திருந்தது.

"ரிப்பேர் பண்ணட்டுமா, மாத்தி அமைக்கட்டுமா, புதுசே வாங்கிடட்டுமா? நீங்க சொல்றதைச் செய்றேன்."

மைமூன் காகிதங்களை வாங்கிக்கொள்ளவில்லை. "அஞ்சு ரவுண்டு சுடுங்க" என்றாள்.

செண்பகவல்லி காதடைப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு சுட்டாள். மூன்றாவதில் காலிக் கூடு பாதி வெளியே வந்து, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் வாயில் நட்டுக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா மாஸ்டர்."

மைமூன் சிக்கியதை எடுத்துவிட்டு, அதே துப்பாக்கியில் ஐந்து தோட்டா போட்டுச் சுட்டாள். பிறகு இன்னொரு ஐந்து. பத்துக் கூடும் சிமெண்ட் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

செண்பகவல்லி தரையில் கிடந்த கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மைமூன் தன் பெட்டியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது காகிதத்தில் இருந்த அதே துப்பாக்கி.

"இதுல அஞ்சு."

நான்காவதில் அதுவும் சிக்கியது.

செண்பகவல்லி அதை மேசைமேல் வைத்தாள். வலது கையை இடது கைக்குள் மறைத்துக்கொண்டாள். போன ஐப்பசியில், மழை ஈரத்தில் ரயில்வே கேட் அருகே ஸ்கூட்டர் சறுக்கி மணிக்கட்டு உடைந்த கை அது. உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் அந்தக் கையால் ரத்தம் எடுத்திருக்கிறாள். அழும் குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். இப்போது ஊசியை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, இவளுக்குப் பதிவேடு எழுதும் மேசை.

"அப்போ கோளாறு துப்பாக்கியில இல்லை" என்றாள்.

"இல்லைக்கா. அது உதைக்கும்போது கை அப்படியே நிக்கணும். கையும் கூடவே பின்னால போனா கூடு வெளியே விழாது."

"சுடுறதையே விட்டுடுன்னு சொன்னா விட்டுடறேன் மாஸ்டர். எனக்கு ஒண்ணும் இல்லை."

"நீங்க கேட்ட மூணுல அது இல்லையே" என்றாள் மைமூன்.

அவள் உள்ளே போய், குழாய் ஒழுகினால் அடைக்கிற மாவை எடுத்து வந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு துண்டு. இரண்டையும் சேர்த்துச் சாம்பல் நிறம் வரும்வரை பிசைந்தாள். செண்பகவல்லியின் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை அவளுக்கும் காட்டிவிட்டு, மரக் கைப்பிடியின் மேல் மாவை அப்பினாள்.

"உள்ளங்கையில எண்ணெய் தடவிக்கிட்டுப் பிடிங்க."

செண்பகவல்லி பிடித்தாள். ஒன்பது வருடமாகப் பிடித்த பிடி. கட்டைவிரல் நேராக, மணிக்கட்டு இறுகலாக. ஒரு நிமிடத்தில் முழங்கை வரை வலி ஏறியது.

மைமூன் மாவை வழித்து மறுபடி அப்பினாள். "அது பழைய பிடி. இன்னிக்கு உங்க கை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லுது?"

"அது சொல்றது சரியா இருக்காது மாஸ்டர். கோணலாப் போகும்."

"போகட்டும்."

செண்பகவல்லி கண்ணை மூடினாள். பிசியோதெரபிக்குப் போன நாளெல்லாம் அவள் அந்தக் கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எப்போது பழையபடி ஆவாய்? வேறெதையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. விரல்களைத் தளர்த்தினாள். கை கொஞ்சம் கீழே இறங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து, தானாக ஓர் இடத்தில் உட்கார்ந்தது. அங்கே வலி இல்லை. மாவு விரலிடுக்கில் பிதுங்கியது.

"போதும். எடுங்க."

கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கட்டைவிரலின் பள்ளம் எங்கோ மேலே இருந்தது. உள்ளங்கை மேட்டில் முன்பு இல்லாத ஒரு குழி.

"இது என் கை மாதிரியே இல்லை மாஸ்டர்."

"வேற யாரும் பிடிக்கலையேக்கா."

மாவு இறுக ஒரு மணி நேரம் ஆனது. இருவரும் டீ குடித்தார்கள். குவாரிப் பக்கம் மயில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. செண்பகவல்லி பதிவேட்டு மேசையைப் பற்றிச் சொன்னாள். அங்கே உட்கார்ந்தபின் நோயாளிகளின் கையைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறேன் என்றாள். மைமூன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அரத்தை எடுத்து, மாவின் பிசிறுகளை ராவத் தொடங்கினாள். பின்பக்கம் மணிக்கட்டை முட்டுக் கொடுப்பதுபோல் ஒரு திட்டு புடைத்திருந்தது. அதை முழுவதுமாக ராவித் தள்ளினாள்.

"அதுதானே மாஸ்டர் தாங்குச்சு?"

"மணிக்கட்டைத் தொட்டா போட்டியில விடமாட்டாங்க. விதி. அந்த உதையை நீங்கதான் தாங்கணும்."

"தாங்குமா?"

"சுட்டுப் பாருங்க."

செண்பகவல்லி கோட்டில் போய் நின்றாள். துப்பாக்கி கையில் அந்நியமாக இருந்தது. ஆனால் கை அதற்குள் வசதியாக இருந்தது. மூச்சை இழுத்துப் பாதி விட்டாள்.

ஒன்று. கூடு தரையில் விழும் சத்தம் கேட்டது. இரண்டு. மூன்று. நான்கில் அவளுக்கே தோள் இறுகியது. இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிச் சுட்டாள். விழுந்தது. ஐந்தும் விழுந்தது.

இலக்கு அட்டையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஐந்து துளைகளும் ஐந்து பக்கம் சிதறியிருந்தன. புதிதாகத் துப்பாக்கி பிடித்தவள் சுட்டதுபோல. ஆனால் இடது கீழ் மூலையில் எதுவும் இல்லை. ஒரு துளை நடுவில் இருந்த பத்துப் புள்ளி வட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி அந்தத் துளைமேல் விரலை வைத்தாள். வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

"இத்தனை சிதறலோட ஏழு வாரத்துல முடியுமா மாஸ்டர்?"

"தினம் வந்தீங்கன்னா பார்க்கலாம். மெடல் வருமான்னு தெரியாது. ஆனா போட்டியோட அறுபது ரவுண்டையும் சுட்டு முடிப்பீங்க."

அவள் தலையாட்டினாள். மூன்று காகிதங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போனவள், நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். டாக்டர் அடுத்த வருஷம் தகட்டை எடுத்துடலாம்னு சொல்றார். கை மாறிடுச்சுன்னா? பழையபடியே ஆயிடுச்சுன்னா? அப்போ இந்தப் பிடி சேராதே. செஞ்சதெல்லாம் வீண்தானே?"

மைமூன் மேசைமேல் கிடந்த மாவுத் தூளை ஊதினாள். அரத்தைத் துணியால் துடைத்து உறையில் போட்டாள்.

"அன்னிக்கு வாங்கக்கா. அன்னிக்கு எந்தக் கை வருதோ, அதுக்கு அளவெடுப்போம்."