தொடைநடுங்கி மீகாமன்

கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! பல்லி கத்தினால்கூட நல்லதா கெட்டதா என்று ஊரே கூடிப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் முத்துத்துறை என்றொரு பட்டினம். அங்கே கடலன் என்றொரு மீகாமன். கப்பலுக்கு வழி சொல்வது அவன் வேலை.

அறிவென்றால் அப்படியொரு அறிவு! காற்றைப் படித்தவன், மீனைப் படித்தவன், நட்சத்திரத்தைப் படித்தவன். ஒரே ஒரு குறை. புயல் வரப்போகிறது என்றால் போதும், தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்துவிடும். கப்பலாட்கள் சும்மா விடுவார்களா? "தொடைநடுங்கி வர்றாரு, வழிவிடுங்கடா!" என்று சிரிப்பார்கள்.

கடலனுக்கு மானம் போயிற்று. தாழங்காட்டு முனிவரிடம் ஓடினான். "சாமி, இந்தப் பயத்தைப் பிடுங்கி எறியுங்கள். எனக்கு வெறும் அறிவு போதும்."

"பயம் தனியாக வராதப்பா. ஆசை, பாசம், கோபம் எல்லாம் கூடவே வரும்," என்றார் முனிவர்.

"வரட்டும் சாமி, விட்டது சனியன்!"

முனிவர் எல்லாவற்றையும் ஒரு மண்கலயத்தில் இறக்கி, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார். கடலனின் மனைவி வெண்ணி அதை உறியில் தொங்கவிட்டாள்.

முதல் நாள், "மீனைக் குழம்பு வைக்கவா, வறுக்கவா?" என்று வெண்ணி கேட்டாள். கடலன் குழம்பின் நன்மை ஏழு சொன்னான். வறுவலின் நன்மை ஏழு சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மீன் நாறிப்போயிற்று.

இரண்டாம் நாள், துறைக்குப் போக மேலத் தெருவா, கீழத் தெருவா என்று முச்சந்தியில் நின்றான். சாயங்காலம் வெண்ணிதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "நல்ல அறிவு வந்தது போ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கப்பல் புறப்பட வேண்டும். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மீகாமன் தேங்காய் உடைத்தால் பாய் ஏறும். உடைக்காமல் கீழே வைத்துவிட்டால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். கப்பலில் நாற்பது பேர். அதில் ஒருவன் வெண்ணியின் ஒரே தம்பி சாத்தன்.

கடலன் தேங்காயை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பறவைகள் கரைக்குத் திரும்புகின்றன, அலை காற்றுக்கு எதிராக வருகிறது, தெற்கே வானம் செம்பாகக் கிடக்கிறது. போகக் கூடாது. ஆனால் காற்று வாகாக இருக்கிறது, பருவம் சரியாக இருக்கிறது, சரக்கும் ஏறிவிட்டது. போகலாம். மூன்றுக்கு மூன்று!"

"உடையுமய்யா, நேரமாகிறது!" என்று கத்தினார் கப்பலுக்குச் சொந்தக்கார வணிகர்.

யாரோ ஓடிப்போய் வெண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் உறியில் இருந்த கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என் தம்பி இந்தக் கப்பலில் இருக்கிறானய்யா!"

"தெரியும்," என்றான் கடலன் அமைதியாக. "அதை எந்தப் பக்கம் சேர்க்க?"

போட்டாள் பாருங்கள் கலயத்தை, அவன் காலடியில்! சில்லு சில்லாக நொறுங்கியது.

கடலன் பறவைகளைப் பார்த்தான், தொடை ஆடியது. மைத்துனனைப் பார்த்தான், கண் கலங்கியது. வணிகரைப் பார்த்தான், கோபம் பொங்கியது. "இறங்குங்கடா எல்லாரும்!" என்று தேங்காயைக் கீழே வைத்தான்.

உச்சிப்பொழுதுக்குள் வந்தது பாருங்கள் ஒரு புயல்! கட்டியிருந்த கப்பல் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. நாற்பது பேரும் கரையில் நனைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டிக்கொண்டிருந்த வணிகர் கடலனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு கடலன் தேங்காயைக் கையில் எடுத்தால் கப்பலாட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. "அத்தான், வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க, தொடை ஆடுதான்னு பார்க்கணும்," என்பான் சாத்தன். அந்தத் தொடை சும்மா இருந்தால்தான் நாற்பது பேரும் ஏறுவார்கள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: உணர்ச்சியை விரட்டிவிட்ட அறிவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதையும் தீர்மானிக்கத் தெரியாது.